சவரக் கத்தி பிடித்த கை!

குழந்தைகளே! கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள குளச்சலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வெற்றித் தூண் நிற்கிறது. 1741-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை, கடல் கடந்து வந்த டச்சுக்காரர்களைக் குளச்சலில் தோற்கடித்தது. அந்த வெற்றியின் நினைவுச் சின்னம்தான் அது.

போர் என்றால் வெற்றி முழக்கம் மட்டுமா? காயமும் உண்டே! குண்டு பாய்ந்த தோளோடும், வெட்டுப்பட்ட காலோடும் எத்தனையோ வீரர்கள் துடித்திருப்பார்கள். அந்தக் காலத்தில் காயத்துக்குக் கட்டுப் போட்டவர்கள் யார் தெரியுமா?

ஐரோப்பியர்களின் கப்பல்களிலும் படைகளிலும், வீரர்களுக்குச் சவரம் செய்து முடிவெட்டியவர்களே பெரும்பாலும் காயத்துக்கு மருந்தும் போட்டார்கள்! நம் ஊரிலும் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. முடிதிருத்தும் குடும்பத்தினரைத் தமிழ்நாட்டில் மருத்துவர் என்றும் பண்டிதர் என்றும் அழைப்பார்கள். கட்டிகளைக் கீறி மருந்து வைப்பது அவர்கள் வேலை. அந்தக் குடும்பத்துப் பெண்கள் பிரசவம் பார்ப்பார்கள். அவர்களுக்கு மருத்துவச்சி என்று பெயர்.

குளச்சல் போருக்குச் சரியாக 200 ஆண்டுகளுக்கு முன்னால், 1541-ஆம் ஆண்டில், பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரில் ஓர் இளைஞர் முடிதிருத்தும் தொழிலுக்கான தேர்வில் தேறினார். பிற்காலத்தில் நான்கு அரசர்களுக்கு அவர் அறுவை மருத்துவர் ஆனார். அவர் பெயர் அம்ப்ரோஸ் பாரே. இன்று அறுவை மருத்துவத்தின் தந்தைகளில் ஒருவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

கடையில் ஒரு மாணவன்

பிரான்ஸின் வடமேற்கில் லவால் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் அருகே 1510-ஆம் ஆண்டு வாக்கில் பாரே பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் மருத்துவம் படிக்க வேண்டுமானால் லத்தீன் மொழி தெரிந்திருக்க வேண்டும். பாடம், புத்தகம், தேர்வு எல்லாமே லத்தீனில்தான்! பாரேவுக்கு அதைக் கற்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. ஆகவே பல்கலைக்கழகக் கதவு அவருக்கு மூடியே கிடந்தது.

ஆனால் இன்னொரு கதவு திறந்திருந்தது. அது முடிதிருத்தும் கடையின் கதவு!

சுமார் 22 வயதில் பாரே பாரிஸுக்கு வந்தார். முடிதிருத்துபவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கடையைக் கூட்ட வேண்டும். கத்தியைச் சாணை பிடிக்க வேண்டும். வாடிக்கையாளர்களின் தாடியை மழிக்க வேண்டும், தலைமுடியை வாரிவிட வேண்டும். இவற்றோடு களிம்பு குழைக்கவும், காயத்துக்குக் கட்டுப் போடவும், பல் பிடுங்கவும், ரத்தக் குழாயைக் கீறி ரத்தம் இறக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். உடம்பில் ரத்தம் கூடிவிடுவதால்தான் பல நோய்கள் வருகின்றன என்று அன்றைக்கு நம்பினார்கள். அது தவறு என்று இப்போது நமக்குத் தெரியும்.

முடிவெட்டுகிறவர்கள் கையில் மருத்துவம் எப்படி வந்தது? முற்காலத்தில் ஐரோப்பாவில் மதகுருமார் பலர் மருத்துவமும் பார்த்தார்கள். 1215-ஆம் ஆண்டு, குருமார் கத்தி எடுத்து அறுவை செய்யக் கூடாது என்று திருச்சபை தடை விதித்தது. கூர்மையான கத்தியும், கிண்ணமும், நடுங்காத கையும் யாரிடம் இருந்தன? முடிதிருத்துபவரிடம்! வேலை அவரிடம் வந்து சேர்ந்தது.

மூன்று படிகள்

அன்றைய பாரிஸில் மருத்துவ உலகம் மூன்று படிகளாக இருந்தது.

மேல்படியில் பல்கலைக்கழகத்தில் படித்த மருத்துவர்கள். நாடி பார்ப்பார்கள், லத்தீனில் மருந்து எழுதுவார்கள். கத்தியைத் தொட மாட்டார்கள். கையால் செய்யும் வேலை அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல்!

நடுப்படியில் செயின்ட் கோம் கல்லூரியின் அறுவை மருத்துவர்கள். இவர்கள் நீண்ட அங்கி அணிவார்கள்.

கீழ்ப்படியில் முடிதிருத்தும் அறுவையாளர்கள். இவர்களுக்குக் குட்டை அங்கிதான். ஏழை மக்களுக்குக் கட்டி வந்தாலும், கை ஒடிந்தாலும் இவர்களிடம்தான் ஓடுவார்கள்.

கீழ்ப்படி என்பதற்காக யார் வேண்டுமானாலும் கடை வைத்துவிட முடியாது. தொழிற்சங்கம் வகுத்த விதிகள் இருந்தன. ஓர் ஆசானிடம் தொழில் பழக வேண்டும். மருத்துவ ஆசிரியர்கள் நடத்தும் பாடங்களைக் கேட்க வேண்டும். பிறகு கட்டணம் கட்டித் தேர்வுக்குப் போக வேண்டும். தேறினால்தான் மாஸ்டர் என்ற பட்டம். பட்டம் இருந்தால்தான் சொந்தக் கடை!

ஓட்டல் அல்ல, மருத்துவமனை!

பாரே கடையோடு நின்றுவிடவில்லை. பாரிஸின் மிகப் பழமையான மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அதன் பெயர் ஓட்டல் தியூ. பெயரைப் பார்த்து இட்லி, தோசை கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்! கடவுளின் இல்லம் என்று அதற்குப் பொருள்.

அங்கே கூட்டம் நிரம்பி வழியும். ஒரே கட்டிலில் பல நோயாளிகள் நெருக்கியடித்துப் படுத்திருப்பார்கள். ஒரு குளிர்காலத்தில் பனி மிகக் கடுமையாக இருந்ததால் நான்கு நோயாளிகளுக்கு மூக்கு நுனி உறைந்து கெட்டுப்போனது. பாரேதான் அவற்றை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

சுமார் மூன்று ஆண்டுகள் அங்கேயே இருந்தார். ஆயிரம் புத்தகங்கள் சொல்லாததை நோயாளிகளின் உடல் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் மாஸ்டர் தேர்வுக்குப் போகுமுன் போர் வந்துவிட்டது. பிரெஞ்சுப் படை இத்தாலிக்குப் புறப்பட்டது. மோன்தெஜான் என்ற தளபதியுடன் பாரேயும் கிளம்பினார். பட்டம் பெறாத இளைஞர், முதல் முறையாகப் போர்க்களம் போகிறார்!

எண்ணெய் தீர்ந்த இரவு

அந்தக் காலத்தில் துப்பாக்கி ஒரு புதிய ஆயுதம். வெடிமருந்தில் விஷம் இருக்கிறது, அதனால் குண்டடிபட்ட காயத்தைச் சுட்டே ஆக வேண்டும் என்று பெரிய மருத்துவர்கள் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எப்படிச் சுடுவது? கொதிக்கக் கொதிக்க எண்ணெயைக் காயத்துக்குள் ஊற்றுவதுதான்! நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது அல்லவா? குண்டு கொடுத்த வேதனையைவிட வைத்தியம் கொடுத்த வேதனை அதிகம்.

பாரே புத்தகத்தில் இருந்தபடியே செய்தார். மற்றவர்கள் செய்வதையும் பார்த்தார். 1537-ஆம் ஆண்டு வாக்கில், ஒரு சண்டைக்குப் பிறகு காயம்பட்டவர்கள் குவிந்துவிட்டார்கள். எண்ணெய் தீர்ந்துபோயிற்று! என்ன செய்வது? முட்டையின் மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் கலந்து ஒரு களிம்பு செய்தார். மீதிப் பேருக்கு அதைத் தடவிக் கட்டுப் போட்டார்.

அன்றிரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. எண்ணெய் ஊற்றாமல் விட்டவர்கள் விஷம் ஏறிச் செத்துக் கிடப்பார்களோ என்று மனம் அடித்துக்கொண்டது. தம்முடைய தவறால் ஓர் உயிர் போய்விடக் கூடாதே என்ற பயம். பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து ஓடினார்.

என்ன ஆச்சரியம்! களிம்பு தடவியவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. காயம் வீங்கவில்லை. இரவு ஓரளவு நன்றாகவே தூங்கியிருந்தார்கள். கொதிக்கும் எண்ணெய் ஊற்றியவர்களோ காய்ச்சலில் அனலாய்க் கொதித்தார்கள். காயத்தைச் சுற்றிப் பெரிய வீக்கம். தாங்க முடியாத வலி.

பாரே அங்கேயே ஒரு முடிவெடுத்தார். குண்டடிபட்ட எந்த மனிதரையும் இனி இப்படிக் கொடூரமாகச் சுடுவதில்லை! புத்தகம் ஒன்று சொன்னது. கண் வேறொன்றைக் கண்டது. அவர் கண்ணை நம்பினார்.

பாட்டி சொன்ன வெங்காயம்

இன்னொரு நாள், தளபதியின் சமையலறையில் வேலை செய்த சிறுவன் ஒருவன் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் விழுந்துவிட்டான். மருந்து வாங்க பாரே ஓடினார். மருந்துக் கடையில் இருந்த கிராமத்துப் பாட்டி ஒருவர், பச்சை வெங்காயத்தை உப்போடு நசுக்கிப் போட்டால் கொப்புளம் வராது என்றார். பாரே அதைச் செய்து பார்த்தார். வெங்காயம் வைத்த இடங்களில் கொப்புளம் இல்லை. வைக்காத இடங்களில் கொப்புளம்!

ஒருமுறை பார்த்தது போதுமா? பாரேவுக்குப் போதவில்லை. சில நாட்களில், வெடிமருந்து தீப்பற்றி முகம் வெந்த ஒரு காவல் வீரர் வந்தார். அவர் முகத்தின் ஒரு பாதியில் வெங்காயம், மறு பாதியில் வழக்கமான மருந்து. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்! ஒரு மருந்தை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சோதிப்பதுதான் இன்றைய மருத்துவ ஆராய்ச்சிக்கே அடிப்படை. படிக்காத பாட்டி சொன்னதைக் கேலி செய்து தள்ளவும் இல்லை. சோதிக்காமல் நம்பவும் இல்லை. அதுதான் பாரே!

(குழந்தைகளே, நீங்கள் இதைச் செய்து பார்க்காதீர்கள். தீக்காயம் பட்டால் சுத்தமான குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இதுதான் இன்றைய மருத்துவம் சொல்லும் வழி.)

தேர்வும் பட்டமும்

தளபதி மோன்தெஜான் இறந்த பிறகு, 1539-இல் பாரே பாரிஸ் திரும்பினார். போர்க்களத்தில் பெயர் வாங்கியாயிற்று. ஆனால் கையில் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் கடை இல்லை. மறுபடியும் மாணவன்போல் தேர்வுக்கு முன் நின்றார். 1541-ஆம் ஆண்டு மாஸ்டர் முடிதிருத்தும் அறுவையாளர் என்ற பட்டத்தைப் பெற்றார். அதே ஆண்டில் ழான் மசலின் என்ற பெண்ணை மணந்தார். செயின்ட் மிஷேல் பாலத்துக்கு அருகே குடியிருந்து தொழிலைத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டே போர் மீண்டும் அழைத்தது. பெர்பிக்னான் என்ற இடத்தில், பிரிஸாக் என்ற தளபதியின் தோளில் குண்டு பாய்ந்திருந்தது. எத்தனையோ பேர் தேடியும் குண்டு அகப்படவில்லை. பாரே வந்தார். குண்டு பாயும்போது எப்படி நின்றீர்களோ அப்படியே நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். உடம்பு பழைய நிலைக்கு வந்தது. தோள்பட்டை எலும்பின் அருகே தடவிப் பார்த்தார். குண்டு அங்கே இருந்தது!

எத்தனை எளிய யோசனை! கட்டிலில் படுத்திருக்கும்போது தசைகள் இடம் மாறிவிடுகின்றன. அதனால்தான் மற்றவர்களுக்குக் குண்டு அகப்படவில்லை.

சூட்டுக்கோலுக்கு விடை

காலையோ கையையோ வெட்டி எடுக்க நேர்ந்தால் ரத்தம் பீறிடும். அதை நிறுத்த, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அந்த இடத்தைச் சுடுவார்கள். மயக்க மருந்தும் கிடையாது. அது வர இன்னும் 300 ஆண்டுகள் ஆகும்!

ரத்தக் குழாயை நூலால் கட்டிவிட்டால் என்ன என்று பாரே யோசித்தார். நூலால் கட்டும் வழி பழங்கால மருத்துவ நூல்களில் இருந்ததுதான். ஆனால் கை, கால்களை அகற்றும்போது அதைப் பயன்படுத்துவார் யாரும் இல்லை. 1552-இல் தாம்வில்லியே என்ற கோட்டை முற்றுகையின்போது, குண்டடிபட்ட ஒருவரின் காலை அகற்றினார் பாரே. ரத்தக் குழாயின் நுனியைக் காக்கையின் அலகு போன்ற இடுக்கியால் பிடித்து இழுத்து, நூலால் இறுகக் கட்டினார். இரும்பைக் காய்ச்சவே இல்லை. அந்த மனிதர் பிழைத்தார். மரக்காலோடு மகிழ்ச்சியாக வீடு திரும்பினார்.

இன்றும் அறுவை அரங்கில் ரத்தக் குழாய்களை நூலால் கட்டுகிறார்கள்.

கை, கால் இழந்தவர்களைப் பற்றியும் பாரே கவலைப்பட்டார். பூட்டுத் தொழிலாளி ஒருவரின் உதவியோடு, விரல்கள் மடங்கும் இரும்புக் கையையும், முழங்காலில் மடங்கும் செயற்கைக் காலையும் வடிவமைத்தார்.

எதிரிக் கோட்டையில்

அதே 1552-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மெட்ஸ் நகரை எதிரிப்படை சூழ்ந்துகொண்டது. உள்ளே காயம்பட்ட பிரெஞ்சு வீரர்கள் தவித்தார்கள். அரசர் பாரேவை அனுப்பினார். எதிரிகளின் காவலைத் தாண்டி, நள்ளிரவில் ரகசியமாக அவர் நகருக்குள் நுழைந்தார். அவரைக் கண்டதும் வீரர்கள் ஆரவாரம் செய்தார்கள். இனிக் காயம்பட்டாலும் சாக மாட்டோம் என்ற தைரியம் அவர்களுக்கு வந்துவிட்டது!

மறு ஆண்டு எஸ்தின் கோட்டை எதிரிகளிடம் விழுந்தபோது பாரே சிறைப்பட்டார். அரசரின் மருத்துவர் என்று தெரிந்தால் பெரும் பணம் கேட்பார்கள். அதனால் தம் நல்ல உடையை ஒரு வீரனிடம் கொடுத்து, அவனுடைய கிழிந்த உடையை வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆனால் கைத்திறனை மறைக்க முடியுமா? எதிரி அதிகாரி ஒருவருக்கு நெடுநாளாக ஆறாத புண் காலில் இருந்தது. பாரே அதைக் குணப்படுத்தினார். அதற்குப் பரிசாக விடுதலை கிடைத்தது!

லத்தீன் தெரியாத ஆசிரியர்

1545-இல் பாரே தம் முதல் புத்தகத்தை வெளியிட்டார். துப்பாக்கிக் காயங்களுக்கு மருத்துவம் செய்வது எப்படி என்பதே அதன் பொருள். அதை மக்கள் பேசும் பிரெஞ்சு மொழியில் எழுதினார். லத்தீன் தெரியாத சாதாரண முடிதிருத்தும் அறுவையாளர் ஒவ்வொருவரும் அதைப் படிக்க முடிந்தது.

1554-இல் செயின்ட் கோம் கல்லூரி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. குட்டை அங்கிக்காரர் நீண்ட அங்கிக்கு உயர்ந்தார். இரண்டாம் ஹென்றி, இரண்டாம் பிரான்சிஸ், ஒன்பதாம் சார்லஸ், மூன்றாம் ஹென்றி என நான்கு அரசர்களுக்கு மருத்துவம் பார்த்தார்.

ஆனாலும் மேல்படியில் இருந்தவர்களின் கோபம் தீரவில்லை. 1575-இல் அவர் தம் நூல்களையெல்லாம் ஒரே தொகுப்பாக வெளியிட்டபோது, பல்கலைக்கழக மருத்துவர்கள் வழக்கே போட்டார்கள். லத்தீன் தெரியாத ஒருவர் மருத்துவத்தைப் பற்றி எழுதலாமா என்பது அவர்கள் வாதம். புத்தகத்தை யாராலும் தடுக்க முடியவில்லை. வேடிக்கையைப் பாருங்கள்! 1582-இல் அதே புத்தகம் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டது. பிறகு டச்சு மொழியிலும், 1634-இல் ஆங்கிலத்திலும் வந்தது. டச்சுக் கப்பல்கள் வழியாக ஜப்பான் வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

பாரே எழுதியதெல்லாம் சரியா? இல்லை. கிருமி என்று ஒன்று இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. நாய்க்குட்டிகளை எண்ணெயில் வேகவைத்துத் தயாரிக்கும் தைலம் ஒன்றை அவரும் நம்பினார். அதன் ரகசியத்தை அறிய ஓர் இத்தாலிய மருத்துவரிடம் இரண்டு ஆண்டுகள் காத்துக் கிடந்தார்! ஆனால் தெரிந்துகொண்டதை அவர் ஒளித்து வைக்கவில்லை. எல்லோரும் அறியும்படி அச்சிட்டார். தாம் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதினார்.

பாலத்தில் நின்ற முதியவர்

1590-ஆம் ஆண்டு பாரிஸ் நகரமே முற்றுகையில் சிக்கியது. உணவின்றி மக்கள் செத்து விழுந்தார்கள். அப்போது பாரேவுக்கு 80 வயது இருக்கும். அதிகாரம் மிக்க ஒரு பேராயர் பாலத்தின் வழியே வந்தபோது, முதியவர் பாரே அவரை வழிமறித்தார். பசியால் சாகும் ஏழைகளுக்காகச் சமாதானம் செய்துவைக்கும்படி எல்லோர் முன்னிலையிலும் மன்றாடினார். அந்தப் பாலம் எது தெரியுமா? அவர் பட்டம் பெற்றுத் தொழில் தொடங்கினாரே, அதன் அருகில் இருந்த அதே செயின்ட் மிஷேல் பாலம்தான்!

அந்த ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி பாரே மறைந்தார்.

குளச்சல் போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1743-இல், முடிதிருத்தும் தொழிலையும் அறுவை மருத்துவத்தையும் பிரான்ஸ் சட்டப்படி பிரித்துவிட்டது. 1745-இல் இங்கிலாந்தும் பிரித்தது. இன்று இரண்டும் வேறு வேறு படிப்புகள். முடி, தோல் பராமரிப்பைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் அழகுக்கலைப் பாடமாகப் படித்துச் சான்றிதழ் வாங்கலாம். ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போடுவதும், கருவிகளைச் சுத்தம் செய்வதும் அதில் முக்கியமான பாடங்கள். கத்தி பட்டால் ரத்தம், ரத்தம் பட்டால் நோய் பரவலாம் அல்லவா?

அடுத்த முறை முடிவெட்டப் போகும்போது, நாற்காலியில் உட்காருவதற்கு முன் அந்த அண்ணனுக்கோ மாமாவுக்கோ ஒரு வணக்கம் சொல்லுங்கள். முடிவெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை என்று உங்கள் வகுப்பில் யாரையாவது யாராவது கேலி செய்தால், அவர்களுக்கு அம்ப்ரோஸ் பாரேயின் கதையைச் சொல்லுங்கள்!

தெரியுமா உங்களுக்கு?

* வெளிநாட்டுச் சலூன் வாசல்களில் சிவப்பும் வெள்ளையுமாகச் சுற்றிய கம்பம் ஒன்று இருக்கும். சிவப்பு ரத்தத்தையும், வெள்ளை கட்டுத் துணியையும் குறிக்கும் என்பார்கள். முடிதிருத்துபவர் மருத்துவம் பார்த்த காலத்தின் அடையாளம் அது.

* இங்கிலாந்தில் அறுவை மருத்துவர்களை டாக்டர் என்று அழைப்பதில்லை. மிஸ்டர் என்றே அழைப்பார்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல் தொழில் பழகி வந்த காலத்தின் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அதை அவர்கள் பெருமையாகவே நினைக்கிறார்கள்!

* குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவருடைய கல்லறை தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது.